பின்னால் கட்டிய கைகள்

அன்று அவர் ஏன் கையை நீட்டவில்லை?

இரண்டு வருடத்துக்கும் மேலாக இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. பதில் இல்லாமல் இல்லை. மூன்று பதில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் சில மாதங்கள் நம்பினேன். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துப் பார்ப்பேன். எதுவும் நிலைக்கவில்லை.

நான் பிசியோதெரபிஸ்ட். படித்து முடித்ததும் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே எனக்கு மூத்தவராக இருந்தவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நாங்கள் அவரை மேடம் என்போம். நோயாளிகளுக்கு அவர் 'கரண்டு வைக்கிற டாக்டரம்மா'. உண்மையில் யாருக்கும் அவ்வளவு சுலபமாக அவர் கரண்டு, அதாவது வலிக்கு மின் சிகிச்சை, வைக்க மாட்டார். நாற்பதைத் தாண்டியிருப்பார். ஊர் வரதராஜன்பேட்டை. பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் தனியாகத் தங்கியிருந்தார். அவரோடு பதினொரு மாதம் வேலை செய்தேன்.

முதல் வாரம் அவர் என்னை ஒரு நோயாளியையும் தொடவிடவில்லை. எங்கள் பிரிவுக்கு ஏறி வரும் சாய்தளத்தின் உச்சியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார். கையில் ஒரு நோட்டு. பக்கத்தின் நடுவில் கோடு. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் நினைத்தது. வருகிறவர்கள் நடப்பதைப் பார்க்க வேண்டும், எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. நாலரை வருடம் படித்துவிட்டு வந்தவளை வாசலில் உட்கார வைத்துவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது. வருகிறவர்கள் என்னிடம் டோக்கன் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் ஓர் அம்மா ஏறி வந்தார். ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலை. அவரைப் பற்றி எழுதியதை மேடம் வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா பாத்த?"

"வலது முட்டி தேய்மானம் மேடம்."

"அது நீ நினைச்சது. பாத்தது என்ன?"

விந்தி நடந்தார் என்றேன். எந்தச் செருப்பு தேய்ந்திருந்தது என்று கேட்டார். தெரியவில்லை. சாய்தளத்தில் ஏறும்போது எந்தப் பக்கக் கம்பியைப் பிடித்தார் என்றார். அதுவும் தெரியவில்லை.

"போயி உக்காரு. அந்தம்மா திரும்பிப் போவாங்கல்ல, அப்பப் பாரு."

திட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது. மாலையில் அந்த அம்மா திரும்பிப் போனபோது பார்த்தேன். தேய்ந்திருந்தது இடது செருப்பின் வெளி விளிம்பு. ஓடிப்போய்க் கேட்டேன். நாள் முழுக்க இடது காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்துதான் கொட்டை உடைப்பாராம். வலி வலது முட்டியில், காரணம் வேறெங்கோ. இதை மேடத்திடம் சொன்னபோது முகத்தில் ஏதாவது மாறும் என்று எதிர்பார்த்தேன். "ம்" என்றார்.

அந்த 'ம்' தவிர அவரிடமிருந்து எதையும் வாங்க முடியாது. சரி என்று சொல்ல மாட்டார். தப்பு என்றும் சொல்ல மாட்டார். நான் சின்ன வயதிலிருந்தே சரியா, சரியா என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். பரீட்சைத் தாள் திருப்பித் தரும்போது மதிப்பெண்ணைவிட ஓரத்தில் போடும் டிக்கைத்தான் எண்ணுவேன். எனக்கு அவர் பெரிய சோதனையாக இருந்தார்.

எங்கள் அறையில் நடை பழகும் இரட்டைக் கம்பிகளுக்கு எதிரே ஆள் உயரக் கண்ணாடி ஒன்று உண்டு. நோயாளி தன் நடையைத் தானே பார்த்துக்கொள்வதற்கு வைத்தது. மேடம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துதான் எழுதுவார். அவர் கவனிக்கவில்லை என்று நினைத்து நாங்கள் எங்கள் போக்கில் வேலை செய்வோம். ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது, குனிந்து எழுதுகிற நேரத்தைவிட நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கிற நேரம் அதிகம் என்று.

ஒரு சிமெண்டு லாரி டிரைவர் தோள்பட்டை வலி என்று வந்துகொண்டிருந்தார். பத்து நாள் பயிற்சிக்குப் பிறகு, கையைத் தூக்குங்க என்றால் காதுவரை தூக்கினார். குணமாகிவிட்டது என்று எழுதப் போனேன். மேடம் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, அவர் சட்டை போடுவதைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். நல்ல கையால் வலிக்கிற கையைத் தூக்கிச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பாக்குறோம்னு தெரிஞ்சா எல்லாரும் நல்லாத்தாம்மா செய்வாங்க," என்றார் மேடம். "செருப்பு மாட்டுறப்ப பாரு, காபி குடிக்கிறப்ப பாரு. நம்ம பாக்கலன்னு நெனைக்கிறப்பதான் ஒடம்பு உண்மையைப் பேசும்."

அந்த டிரைவர் வாய்க்காரர். தனக்குக் கரண்டு வைக்காமலே அனுப்புகிறார்கள் என்று தினமும் குறை. "கரண்டு பில்லு ஏறிடும்னு பயப்படுறீங்களா டாக்டரம்மா?" என்று ஒருநாள் கேட்டார். மேடம் திரும்பாமலே, "கரண்டு போயிடுச்சுன்னா அன்னிக்கு லாரி ஓட்டாம வூட்டுல படுத்துக்குவீங்களாண்ணே?" என்றார். அறையில் எல்லோரும் சிரித்தோம். மேடத்தின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அவரும் கொஞ்சம் சிரித்த மாதிரிதான் இருந்தது.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். இவ்வளவும் சொன்னதே அதற்காகத்தான். நாங்கள் நோயாளியோடு தடுமாறிக்கொண்டிருக்கும்போது, வேறு எந்த சீனியராக இருந்தாலும் "தள்ளு, நான் பாக்குறேன்" என்று நம்மை விலக்கிவிட்டுத் தன் கையை வைப்பார்கள். கல்லூரியில் எல்லோரும் அப்படித்தான். மேடம் வைக்க மாட்டார். பக்கத்தில் வந்து நிற்பார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வார். வாயால் சொல்வார். "உன் கட்டைவிரலைக் கொஞ்சம் கீழ எறக்கு. அங்கதான். இப்ப அவரு மூச்சு விடுறப்ப அழுத்து." நம் கையின் கீழ் தசை எப்படி இருக்கிறது என்று நம்மையே கேட்பார். இறுகியிருக்கா, துடிக்குதா, எந்தப் பக்கம் இழுக்குது. என் கையை வைத்தே அவர் பார்த்துவிடுவார். பிறர் கையால் பார்க்கத் தெரிந்தவர் என்று நாங்கள் வியந்து பேசிக்கொள்வோம்.

வேறு சில்லறைப் பழக்கங்களும் உண்டு. மதியம் மெஸ்ஸிலிருந்து இலைப் பொட்டலம் வரும். நூலைப் பிரிக்க எங்களில் யாரிடமாவது நீட்டுவார். டீ கிளாஸை, வெயில் கொளுத்துகிற சித்திரையிலும், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் குடிப்பார். அவருடைய பேனாவைச் சுற்றி பிளாஸ்திரி சுற்றித் தடிமனாக்கியிருக்கும். வழுக்குது என்பார். கதவைத் தோளால் தள்ளுவார். தண்ணீர் பாட்டிலைத் தானே திறக்க மாட்டார். கைக்குப் பயிற்சி எடுக்கிற நோயாளி யாராவது இருந்தால் அவரிடம் கொடுத்து, "இதைக் கொஞ்சம் தொறந்து குடுங்கண்ணே," என்பார்.

குன்னத்திலிருந்து ஒரு கொத்தனார் வருவார். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு பிரித்தவர். மேடத்தின் பாட்டிலைத் திறக்க அவருக்கு இரண்டு வாரம் ஆயிற்று. திறந்த அன்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "நாளையிலேருந்து நல்லா டைட்டா மூடி வைங்க டாக்டரம்மா. இது ரொம்ப லேசா இருக்கு, கொழந்த மூடுன மாரி," என்றார்.

"நான் மூடுனா அவ்வளவுதாண்ணே வரும்," என்றார் மேடம்.

அன்றும் எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இனி அந்த நாள்.

வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற விவசாயி ஒருவர், அறுபது வயதிருக்கும், பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து, எங்களிடம் வந்திருந்தார். நல்ல கனமான உடம்பு. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரை மாற்ற வேண்டும். நான் பல தடவை செய்திருக்கிற வேலை. அவருடைய மனைவி தலைமாட்டில் நின்று, "தெம்பா நில்லுங்க, புள்ள பாத்துக்கும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், வழக்கம்போலக் கைகளைப் பின்னால் கட்டி நின்றிருந்தார்.

பெரியவரின் இடுப்புப் பட்டையைப் பிடித்து எழுப்பினேன். என் முட்டியால் அவருடைய வலது முட்டிக்கு முட்டுக் கொடுத்தேன். எழுந்துவிட்டார். திரும்பினார். உட்காரப் போகிற நேரத்தில் நாற்காலி விலகியது.

அவர் எடை முழுவதும் என்மேல். அவருடைய வலது கால் மடங்கிவிட்டது. நான் மேடத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு மூச்சு நேரம்தான். அவர் கைகள் முன்னால் வரவில்லை.

"கீழ விடு. தூக்காத, கீழ விடு. உன் காலை மடக்கு, அவரை உன் தொடையில சரிய விடு. தலையைப் புடிச்சுக்க. மெதுவா."

அவர் சொன்னபடியே செய்தேன். என் தொடை வழியாகச் சரிந்து, தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்தார். தலை என் கையில் இருந்தது. இடுப்பில் ஒரு சிராய்ப்பு. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய மனைவி பயந்து அழுதார். மகன் வந்து சத்தம் போட்டார். "ரெண்டு பேரு நிக்குறீங்க, ஒருத்தரு வேடிக்கை பாக்குறாங்களா?" என்று அவர் கேட்டது காரிடார் முழுக்கக் கேட்டது. மேடம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

நான் கழிவறைக்குப் போய் அழுதேன். பயத்தில் அழுதேன் என்றுதான் நினைத்தேன். அது கோபம் என்று பிறகு தெரிந்தது. ஒரு கையை நீட்டியிருந்தால் போதும். நாற்காலியைப் பிடித்திருந்தால் போதும். பாடம் நடத்துவதற்கு ஒரு மனுஷனைக் கீழே விழவிடுவார்களா?

ஆபீஸில் இருவரையும் நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன். கவனமாக எழுதினேன். அவர் கற்றுக் கொடுத்தபடி, நினைத்ததை விட்டுவிட்டுப் பார்த்ததை மட்டும். நாற்காலி நகர்ந்தது. நோயாளியின் கால் மடங்கியது. மூத்த பிசியோதெரபிஸ்ட் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். அவர் கை நீட்டவில்லை. நோயாளியை நான் தரையில் இறக்கினேன்.

ஒவ்வொரு வரியும் உண்மை. இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நாற்காலி ஏன் நகர்ந்தது என்று நான் எழுதவில்லை. இடது சக்கரத்தின் பிரேக்கைப் போட்டேனா என்று எனக்கு நினைவில்லை. வலது பக்கம் போட்டது நினைவிருக்கிறது. இடது பக்கம் இல்லை. நினைவில்லாததை எப்படி எழுதுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் குரல் கொடுத்ததையும் எழுதவில்லை. அது பார்த்தது இல்லையே, கேட்டதுதானே.

கொடுப்பதற்கு முன் காகிதத்தை மேடத்திடம் காட்ட வேண்டும், அதுதான் முறை. கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் வைத்தே படித்தார். இரண்டு தடவை படித்தார் என்று நினைக்கிறேன். பிறகு தடித்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பாத்ததை மட்டும் எழுதியிருக்க. சரியா இருக்கு."

பதினொரு மாதத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே 'சரி' அது.

அந்த மாதக் கடைசியில் அவர் வேலையை விட்டுப் போனார். நிறுத்திவிட்டார்களா, அவராகப் போனாரா என்று எனக்குத் தெரியாது. ஆபீஸில் கேட்டேன். "அவங்களே எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல," என்றார்கள். அவர் என்ன எழுதினார் என்று காட்டவில்லை. பிரேக்கைப் பற்றி எழுதியிருப்பாரா? எழுதியிருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பார்களே.

கடைசி நாள் அவர் தன் சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்தபோது நான் மணல் மூட்டை ஒன்றை அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"அதைக் கீழ வை. இனிமே கனம் தூக்காத. எத்தனாவது வாரம்?"

எனக்கே இரண்டு நாள் முன்னால்தான் தெரியும். வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. எப்படித் தெரிந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "ரெண்டு நாளா உக்காந்துட்டு எந்திரிக்கறப்ப வயித்துல கை வச்சுக்கிட்டு எந்திரிக்கிற," என்றார். "பாத்து இரும்மா. வரேன்." கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனார். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எதற்கு என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

அதன் பிறகு என் வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. ஏழாம் மாதத்தோடு வேலையை விட்டேன். வீட்டுக்காரருக்கு ரெட்டிபாளையத்தில் சிமெண்டு ஆலையில் ஷிப்டு வேலை என்பதால் அரியலூரில் வீடு பார்த்துக் குடிவந்தோம். அவர் வேலைக்குப் போகும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் நான் விழித்திருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். மகள் பிறந்தாள். இருபது நாள் என் அம்மா இருந்தார். பிறகு நானும் அவளும் சிமெண்டுத் தூசி படிகிற ஒரு ஜன்னலும்தான்.

குழந்தை வளர்ப்பில் நான் எதையும் ஒரே தடவையில் முடிவு செய்ததில்லை. காய்ச்சலை மூன்று தடவை அளப்பேன். குப்புற விழுவதற்கு முன்பே பிடித்துவிடுவேன். அவள் முதலடி எடுத்து வைத்தபோது என் இரண்டு கைகளும் அவள் இடுப்பில்தான் இருந்தன. அது நடந்ததா, நான் நடத்தியதா என்று இன்றும் சந்தேகம். பிசியோதெரபி படித்தவள் தன் பிள்ளையை நிற்க விடாமல் தாங்கிக்கொண்டே இருக்கிறாள் என்று எனக்கே தெரிந்தது. அப்போதெல்லாம் மேடத்தை நினைப்பேன். அப்படி வந்ததுதான் முதல் பதில்: கற்றுக்கொள்கிறவளின் கையிலிருந்து வேலையைப் பிடுங்கக் கூடாது என்பது அவர் முறை, அதற்காகத்தான் கை நீட்டவில்லை. கோபம் வருகிற நாட்களில் இரண்டாவது பதில்: நான் பிரேக்கைப் போடாததை அவர் பார்த்திருந்தார், என் தப்பை நானே பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டார். இதை நம்பிய மாதங்களில் எனக்கு அவர்மேல் வெறுப்பு இருந்தது என்பதை ஒளிக்கவில்லை.

மூன்றாவது பதில் ஒரு டிபன் பாக்ஸிலிருந்து வந்தது.

குழந்தையைத் தூக்கித் தூக்கி இரண்டு மணிக்கட்டிலும், கட்டைவிரல் பக்கம், வலி வந்துவிட்டது. கைக்குழந்தைக்காரிகளுக்கு வருவதுதான், எத்தனையோ பேருக்கு நானே பார்த்திருக்கிறேன். ஓய்வு கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், என்னவோ ஓய்வு என்பது எதிர்க்கடையில் விற்கிற மாதிரி. ஒருநாள் மதியம் மகளுக்கு இட்லி வைத்திருந்த டப்பாவைத் திறக்க முடியவில்லை. கீழ்வீட்டு அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன். நீட்டும்போது, நூல் கட்டிய ஓர் இலைப் பொட்டலம் என் கண்முன் வந்தது. அன்று மாலை டீயை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

பழைய நோட்டு ஒன்றை எடுத்தேன். நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் எழுத ஆரம்பித்தேன். பொட்டலம். டீ. தோளால் தள்ளிய கதவு. மேஜையிலேயே வைத்துப் படித்த காகிதம். பேனாவில் சுற்றிய பிளாஸ்திரி. பிடிப்பு இல்லாத கைகளுக்குக் கரண்டியிலும் பேனாவிலும் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுப்பது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. நானே எத்தனையோ பேருக்குச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பாட்டில். நான் மூடுனா அவ்வளவுதாண்ணே வரும். ஒரு தடவைகூட அவர் கை ஒரு நோயாளியின் மேல் அழுந்தி நான் பார்த்ததில்லை.

கடைசியாக இன்னொன்று எழுதினேன். பெரியவர் விழுந்த மறுநாள் மேடத்தின் வலது கால் பெருவிரலில் கட்டு இருந்தது. கொஞ்சம் விந்தினார். அதைப் பார்த்தேன், நடையைப் பார்க்கப் பழகியவள் ஆயிற்றே. ஏன் என்று கேட்கவில்லை, அப்போது அவரோடு பேசுகிற மனநிலையில் நான் இல்லை. விலகிய நாற்காலி சுவர்வரை போகவில்லை என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பாதியில் நின்றிருந்தது. எதன்மேலோ மோதி நின்ற மாதிரி. நான் அவர் கைகளைத்தான் பார்த்தேன். கால்களைப் பார்க்கவில்லை.

வலது பக்கம் ஒரே வரிதான் எழுதினேன். அவர் கைகளில் பலம் இல்லை. எழுதிவிட்டு, அவர் கேட்கிற மாதிரியே எனக்குள் கேட்டது: இது பாத்ததா, நினைச்சதா?

நினைத்ததுதான். என் மனச்சாட்சிக்கு வசதியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டேனோ என்னவோ. வசதியும் இல்லை. அவர் கைகளுக்கு முடியாது என்றால், முடியாதவரைப் பார்த்து, கை நீட்டவில்லை என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னொரு பக்கம், பிடிக்க முடியாதவர் எங்களிடம் சொல்லாமல் பக்கத்தில் நின்றது சரியா என்றும் கேட்கத்தான் வேண்டும். அவர் பிடிப்பார் என்று நம்பித்தானே நான் அந்தப் பெரியவரைத் தூக்கினேன். சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், தொட முடியாத பிசியோதெரபிஸ்டை யார் வைத்துக்கொள்வார்கள்? இரண்டும் ஒரே நேரத்தில் நியாயமாகத் தோன்றுகிறது.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல, விடேன். நீயா எதையாவது நெனச்சுக்குவ," என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

நாலு மாதமாக அரியலூரில் ஒரு சின்ன கிளினிக்கில் மறுபடி வேலை செய்கிறேன். மகளைக் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்கிறார். போன் அடிக்கும்போதெல்லாம் அவர்தானோ என்று ஓடிப்போய் எடுப்பேன். கிளினிக்குக்குப் போன மாதம் வரதராஜன்பேட்டையிலிருந்து ஓர் அம்மா இடுப்பு வலி என்று வந்தார். பேச்சுவாக்கில் கேட்டேன். அவருக்கு மேடத்தைத் தெரிந்திருந்தது. "எங்க பக்கத்துத் தெருதான். கோயிலுக்கு மட்டும் வருவாங்க. தனியாத்தான் இருக்காங்க. யாரும் வந்து போயி நான் பாத்ததில்ல," என்றார். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம், அங்கிருந்து ஒரு டவுன் பஸ். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். இதுவரை மூன்று ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, மகளுக்குச் சளி, வெயில், மழை என்று திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

போவது என்று முடிவே செய்திருந்தேன். போய், கதவைத் தட்டி, "உங்க கைக்கு முடியலியா மேடம்?" என்று கேட்டுவிடுவது. அதற்குள் இது நடந்துவிட்டது.

புதிதாகப் படித்து முடித்த ரிஸ்வானா என்கிற பெண்ணை எனக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். லப்பைக்குடிகாடு. கலகலப்பான பெண். நானும் அவளிடம் நோட்டு கொடுத்து, நடுவில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. போன வியாழக்கிழமை ஒரு நோயாளியை அவள் எழுப்பி நிறுத்தினாள், நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். நோயாளி போனதும், நோட்டை மூடிவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? நீங்க ஏன் எப்பவும் கையைப் பின்னாடி கட்டிக்கிறீங்க? கை வலிக்குதுங்களா?"

பதினொரு மாதத்தில் நான் பார்க்காததை அந்தப் பெண் இரண்டு வாரத்தில் பார்த்துவிட்டாள். பார்த்தது மட்டுமில்லை, கேட்டும் விட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்த வேலை கிடைத்து நாலு மாதம்தான் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது.

"இல்லம்மா. ச்சும்மா, பழக்கம்," என்றேன்.

அவள் "ம்" என்றாள்.

ரிஸ்வானாவிடம் நாளைக்கே உண்மையைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நான் பிடிப்பேன் என்று நம்பித்தான் அவள் நோயாளியை எழுப்புகிறாள். எனக்குத் தெரியாதது, மேடத்தைப் போய்ப் பார்ப்பதா என்பதுதான். நான் சொன்ன அதே 'இல்லம்மா'வைத்தான் மேடமும் என்னிடம் சொல்வார் என்று இப்போது தெரிகிறது. அவர் அத்தனை வருடம் மறைத்து வைத்ததை, கண்டுபிடித்துவிட்டேன் என்று போய் நிற்பது அவருக்கு ஆறுதலா, இல்லை என் பாரத்தைக் கொண்டுபோய் அவர் வாசலில் இறக்குகிற வேலையா? போகாமலே இருந்தால், வந்து போக ஆளில்லாத அந்த வீட்டில் நானும் ஓர் ஆளாக இல்லாமல் போவேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி ஒருவர்முன் போய் நின்ற அனுபவம் இருந்தால் எழுதுங்கள். போனீர்களா? கதவு திறந்ததும் முதலில் என்ன சொன்னீர்கள்? கையைப் பற்றி எதுவும் கேட்காமல், அவர் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினால் நானே திறந்து கொடுத்துவிட்டு, பிரேக்கைப் போடாதது நான்தான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்தால் போதுமா? என் கையாலும் இப்போது பாட்டில் சரியாகத் திறப்பதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வரை நேரம் இருக்கிறது. சொல்லுங்கள்.